நலம் காத்த நங்கை

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுத்துப் பேணுபவன் என்பன அவை. இந்நான்கனுள் இறுதியில் நிற்கும் தொண்டரை உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. மருத்துவனுக்கு மதிப்பு இருந்தது; மருந்துக்கு விலை இருந்தது; இரவெல்லாம் கண்விழித்து நோயாளியின் நாவில் நீர் வார்ப்பவருக்கு இரண்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் இந்நிலையே நிலவியது. மருத்துவமனைகளில் நோயாளரைப் பேண வந்தோர் பெரும்பாலும் வேறு பிழைப்பற்ற ஏழை மகளிர். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பார் இலர். ஊதியம் மிகச் சிறிது. குடிப்பழக்கம் உடையோர் என்னும் பழிச்சொல்லும் அவர்களைச் சூழ்ந்திருந்தது. அத்தொழிலைச் செல்வக் குடியிற் பிறந்த ஒரு பெண்மணி விரும்பி ஏற்றார். அதனை உலகம் மதிக்கும் தொழிலாக உயர்த்தினார். நோய் வந்தபின் பேணுவதோடு அமையாது, நோய் வாராமற் காப்பதும் செவிலியர் கடமையே என்பதை நிலைநாட்டவும் அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவரே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டிலுள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், திருமணம் முடிந்தபின் ஐரோப்பிய நாடுகளில் நெடும்பயணம் செய்து வந்தவர்கள். மூத்த மகள் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்தமையால், அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப் என்பதையே அவளுக்குச் சூட்டினர். இளைய மகளுக்கும் பிறந்த ஊரின் பெயரே பெயராயிற்று. பெண்களுக்குப் பிளாரன்ஸ் என்று பெயரிடுவது அக்காலத்தில் மிக அரிது. இவர் புகழ் பரவிய பின்னரே அப்பெயர் ஆங்கில இல்லங்களில் எளிதாக வழங்கலாயிற்று.

தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் பெருநிலக்கிழார், நூலறிவு மிக்கவர். அவருக்கு ஆண்மக்கள் இலர். ஆதலின் மகளிர் இருவருக்கும் தாமே ஆசிரியராக அமர்ந்து இலத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் முதலியவற்றைக் கற்பித்தார். பிளாரன்சுக்குக் கணக்கின்மீது தனிப் பற்று உண்டாயிற்று. எண்களை வரிசைப்படுத்திப் பட்டியலிடுவது அவருக்குப் பிற சிறுமியரின் பொம்மை விளையாட்டைப் போன்று இனித்தது. பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று அன்னையார் கவலையுற்றார். அக்கணக்கு அறிவே பின்னாளில் பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் கருவியாகும் என்பதை அன்று யார் அறிவார்?

1837ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பதினாறு வயது நிரம்பிய அவர், இறைவன் தம்மைத் தன் பணிக்கு அழைத்ததாக உணர்ந்தார். அப்பணி யாது என்பது உடனே விளங்கவில்லை. ஊரிலுள்ள ஏழையர் குடிசைகளுக்குச் சென்று நோயுற்றோரைக் கண்டு வந்தபோது சிறிது சிறிதாக அது தெளிவாயிற்று. நோயாளரைப் பேணுவதே தமக்குரிய வழி என்று துணிந்தார். ஆனால் அன்பும் இரக்கமும் மட்டும் போதா, கற்றுத் தேர்ந்த அறிவும் வேண்டும் என்பதையும் அக்குடிசைகளிலேயே கண்டுகொண்டார். 1845ஆம் ஆண்டில் சாலிஸ்பரி நகர மருத்துவமனையிற் சில திங்கள் தங்கிப் பயில விரும்பினார். வீட்டார் திடுக்கிட்டனர். மாளிகையில் வளர்ந்த மகள் சமையற்காரியாகப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் அவர்கள் அத்துணை வருந்தியிரார். தாயார் கண்ணீர் வடித்தார். தமக்கையார் மயங்கி விழுந்தார். தந்தையார் வெறுப்புற்று வெளியேறினார். திட்டம் கைவிடப்பட்டது.

ஆறு ஆண்டுகள் இவ்வாறு போராட்டத்திற் கழிந்தன. பகலில் விருந்தினரை வரவேற்பதும் பின்னல் வேலை செய்வதுமாகிய மாளிகை வாழ்வு. விடியுமுன் எழுந்து மெழுகுவத்தி ஒளியில் மருத்துவமனை அறிக்கைகளையும் அரசாங்கச் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுக்கும் மறைவான வாழ்வு. அறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமாகிய ஒருவர் அவரை மணக்க விரும்பிப் பல்லாண்டு காத்திருந்தார். அம்மையாருக்கும் அவர்பால் அன்பு இல்லாமல் இல்லை. எனினும் மணவாழ்வு தம் பணிக்குத் தடையாகும் என்று எண்ணி மறுத்துவிட்டார். அம்மறுப்பு அவர் உள்ளத்தை நெடுநாள் வருத்தியது.

இறுதியில் 1851ஆம் ஆண்டில் செருமனி நாட்டிலுள்ள கைசர்ஸ்வர்த் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவர் நடத்திய மருத்துவமனையில் மூன்று திங்கள் பயில வீட்டார் இசைந்தனர். அதுவும் அயலாருக்குத் தெரியாமல் இருத்தல் வேண்டும் என்னும் கட்டளையோடு! 1853ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நோயுற்ற பெண்டிருக்கென அமைந்த சிறிய மருத்துவ இல்லம் ஒன்றின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அங்கே சென்றதும் அவர் செய்த முதல் வேலை மருந்துப் பெட்டியைத் திறப்பதன்று. மாடிகள்தோறும் வெந்நீர் வரக் குழாய் அமைத்தார். உணவு சூடு ஆறாமல் மேலேறப் பொறி அமைத்தார். நோயாளி இழுத்தால் செவிலியின் காதில் ஒலிக்கும் மணிகளைக் கட்டுவித்தார். செவிலியின் கால்கள் வீணாகப் படியேறி இறங்கும் நேரமெல்லாம் நோயாளியிடமிருந்து திருடப்படும் நேரம் என்பது அவர் கருத்து.

1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து உருசியாவின்மீது போர் தொடுத்தன. கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியாத் தீபகற்பத்தில் கடும்போர் மூண்டது. காயமுற்ற ஆங்கில வீரர் கப்பலேற்றப்பட்டுக் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரி என்னும் ஊருக்குக் கொண்டுவரப் பெற்றனர். இன்று அந்நகர் இஸ்தான்புல் என வழங்கும்; ஸ்கூட்டாரி அதன் ஒரு பகுதியாகிய உஸ்குதார் ஆகும். அங்கே துருக்கியரின் பழைய படைவீடு ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. கட்டுத்துணி இல்லை, படுக்கை இல்லை, பேணுவார் இல்லை என்று இலண்டன் செய்தித்தாளில் வந்த மடல்கள் நாட்டையே உலுக்கின. போர்த்துறை அமைச்சராகிய சிட்னி ஹெர்பர்ட்டு அம்மையாரின் நண்பர். செவிலியரைத் திரட்டிக்கொண்டு செல்லுமாறு அவர் அம்மையாரை வேண்டினார். அக்டோபர் 21ஆம் நாள் முப்பத்தெட்டுச் செவிலியருடன் அம்மையார் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். நவம்பர் 4ஆம் நாள் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

கண்ட காட்சி கல்லையும் கரைக்கும். பரந்த கட்டடத்தின் நீண்ட நடைகளில் வீரர் வரிசை வரிசையாகக் கிடந்தனர். குருதி தோய்ந்த உடையோடே படுத்திருந்தனர். எலிகள் ஓடித் திரிந்தன. கழுவ நீர்க்கலம் இல்லை, துடைக்கத் துண்டு இல்லை, சவுக்காரம் இல்லை. இராணுவ மருத்துவரோ பெண்களின் வரவை விரும்பவில்லை. அவர்கள் பணித்தாலன்றி ஒரு நோயாளியையும் தொடலாகாது என்று அம்மையார் தம் செவிலியருக்குக் கட்டளையிட்டுப் பொறுமையோடு காத்திருந்தார். செவிலியர் சிலர் முணுமுணுத்தனர். அடுத்த நாளே இங்கர்மன் போர் நிகழ்ந்தது. காயமுற்றோர் வெள்ளம்போல் வந்து குவிந்தனர். மருத்துவர் தாமாகவே செவிலியரின் உதவியை நாடினர்.

அம்மையார் முதலிற் கேட்டவை தரை தேய்க்கும் தூரிகைகள். பின்னர் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொதிகலன்களை அமைத்து, வீரர்களின் மனைவியரைக் கொண்டு துணிகளை வெந்நீரில் வெளுப்பித்தார். மக்கள் நன்கொடையாக அளித்த பணத்தையும் தம் கைப்பொருளையும் செலவிட்டுச் சட்டை, தட்டு, கரண்டி எனக் கடைத்தெருவில் வாங்கிக் குவித்தார். பெருமருந்தகத்தின் தலைவியா, பலசரக்குக் கடைக்காரியா என்று தமக்கே ஐயம் தோன்றும்படி அவர் உழைத்தார். இரவில் அனைவரும் உறங்கியபின் கைவிளக்கை ஏந்தி, படுக்கைகளின் இடையே தனியே நடந்து செல்வார். அவ்விளக்கு, ஓவியர் பலர் தீட்டியது போன்ற அழகிய கிரேக்க விளக்கு அன்று. மடித்து விரிக்கத்தக்க எளிய துருக்கிக் கைவிளக்கே. அதனால் என்ன? விளக்கேந்திய மங்கை என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. பாட்டிலும் படத்திலும் அவர் வாழலானார்.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் அவர் அருள் நிறைந்த ஒரு செவிலியாக மட்டும் நினைக்கப்பட்டிருப்பார். ஆனால் அப்புகழுக்குப் பின்னே துயரமான உண்மை ஒன்று மறைந்திருந்தது.

அம்மையார் வந்தபின்னும் ஸ்கூட்டாரியிற் சாவு குறையவில்லை, பெருகியது. செபஸ்டபோல் கோட்டையைச் சூழ்ந்திருந்த படையினர் பனியிலும் பசியிலும் வாடி, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உற்று, குளிர்காலம் முழுதும் வந்தவண்ணம் இருந்தனர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்குச் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பத்திருவருக்கு மேல் மாண்டனர். தூய துணி, நல்லுணவு, அன்பான சொல், இரவெல்லாம் கண்விழிப்பு ஆகிய அனைத்தும் இருந்தன. ஆயினும் வீரர் இறந்தனர். காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை.

மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. மருத்துவராகிய சதர்லண்டும் பொறியாளராகிய ராலின்சனும் அதில் இருந்தனர். அவர்கள் நோயாளிகளைப் பார்க்குமுன் கட்டடத்தைப் பார்த்தனர், தரையைத் தோண்டினர். அழகிய அப்படைவீட்டின் அடியிற் சாக்கடைகள் அடைபட்டு நாறிக் கிடந்தன. அவற்றின் நச்சுக்காற்றுக் குழாய்களின் வழியே நோயாளர் கிடந்த கூடங்களுக்கே ஏறி வந்தது. மருத்துவமனைக்கு நீர் வரும் கால்வாயில் குதிரை ஒன்று செத்து அழுகிக் கிடந்தது. அந்நீரையே நோயாளர் பருகினர்! குழுவினர் சாக்கடைகளைக் கழுவி ஓடச் செய்தனர். குப்பைகளை நூற்றுக்கணக்கான கைவண்டிகளில் அகற்றினர். செத்த விலங்குகளைப் புதைத்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்றுப் போக வழி திறந்தனர். சூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்துவிட்டது.

இம்மாற்றத்தின் முழுப் பொருளை அம்மையார் போர் முடிந்து நாடு திரும்பிய பின்னரே உணர்ந்தார். 1856ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மேளதாளத்தோடு வரவேற்க நாடே காத்திருந்தது. அவரோ மிஸ் ஸ்மித் என்னும் புனைபெயரிற் பயணம் செய்து, புகைவண்டி நிலையத்திலிருந்து தனியே நடந்து வீடு சேர்ந்தார். கிரிமியாவிற் பற்றிய காய்ச்சல் அவர் உடலை உருக்குலைத்திருந்தது. ஆயினும் ஓய்வு கொள்ளவில்லை. புள்ளிவிவர அறிஞராகிய வில்லியம் பார் என்பவரின் துணையோடு படையின் இறப்புக் கணக்கை எடுத்து ஆராயத் தொடங்கினார். இளமையிற் பயின்ற கணிதம் இப்போது கைகொடுத்தது.

எண்கள் இரக்கமின்றிப் பேசின. அப்போரில் ஆங்கிலப் படையிற் காயத்தால் மாண்டோர் ஐயாயிரவருக்கும் குறைவு. நோயால் மாண்டோர் ஏறக்குறைய 16,000 பேர். அந்நோய்களிற் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. மருத்துவமனைகளுள் இறப்பு மிகுந்திருந்தது எதில் என்று பார்த்தால், அது தாம் தலைமை தாங்கிப் பணி செய்த ஸ்கூட்டாரியே! உலகம் தம்மைத் தெய்வமாகப் போற்றிய அதே இடம், அடியில் ஓடிய சாக்கடையால், வீரர்க்கு இடுகாடாக இருந்திருக்கிறது. இக்கணக்கை மறைத்துவிட அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் புகழைக் குறைக்க நாட்டில் ஒருவரும் விரும்பியிரார். எனினும் அவர் மறைக்கவில்லை. தம் கையாலேயே அவ்வெண்களைப் பட்டியலிட்டு அரசாங்கத்தின்முன் வைத்தார். கிரிமியாவில் அவர் காட்டிய அஞ்சாமையினும் இஃது அரிய செயலாகும்.

எண்களைக் கண்டால் அமைச்சர் கொட்டாவி விடுவர் என்பதை அவர் அறிவார். ஆதலின் வட்டம் ஒன்றை வரைந்து, பன்னிரண்டு திங்களுக்கும் பன்னிரண்டு கூறாக்கி, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுகளை நீல நிறத்தாலும், காயங்களால் நேர்ந்தவற்றைச் சிவப்பு நிறத்தாலும், பிறவற்றைக் கறுப்பு நிறத்தாலும் காட்டினார். பரந்து கிடந்த நீல நிறத்தைக் கண்டபின் விளக்கவுரை வேண்டியதில்லை. 1858ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அப்பெருமை பெற்ற முதற்பெண் அவரே. அமைதிக் காலத்திலும், தாய்நாட்டுப் படைவீடுகளிலேயே, இளவீரர் ஏனை இளைஞரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மடிந்தமையையும் அவர் எடுத்துக்காட்டினார். அரசாணைக் குழு ஒன்று அமைந்தது. படைவீடுகளில் காற்றும் நீரும் கழிவுநீர்ப் போக்கும் சீர்பெறத் தொடங்கின.

ஸ்கூட்டாரி கற்பித்த பாடம் படையோடு நிற்கவில்லை. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பேணும் செவிலி, அவன் படுத்திருக்கும் அறையின் காற்றையும் குடிக்கும் நீரையும் பாராதவளாயின் அவள் அன்பு வீணாகும் என்று அம்மையார் கண்டார். 1859ஆம் ஆண்டில் செவிலித் தொண்டு பற்றிய அவருடைய சிறுநூல் வெளிவந்தது. தொழில் பயில்வோருக்கென அன்று, இல்லறத்திலுள்ள மகளிர் எல்லார்க்குமென அதனை எழுதினார். ஒவ்வொரு பெண்ணும் வாழ்நாளில் ஒரு காலத்தில் யாரேனும் ஒருவரின் உடல்நலத்துக்குப் பொறுப்பாகின்றாள். ஆதலின் ஒவ்வொருத்தியும் செவிலியே என்பது அந்நூலின் அடிப்படை. தூய காற்று, தூய நீர், கழிவுநீர் தேங்காமை, துப்புரவு, வெளிச்சம் ஆகிய ஐந்தும் இல்லாத வீடு நலமுள்ள வீடாகாது என்று அவர் விளக்கினார். சன்னல்களை அடைத்துவிட்டு நோயைக் கடவுளின் சோதனை என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை அவர் பரிவோடும் சிறிது எள்ளலோடும் கண்டித்தார். நோயாளி இருக்குமிடத்தில் தாழ்ந்த குரலிற் குசுகுசுவெனப் பேசுவதும், சலசலக்கும் பட்டாடை உடுத்து நடமாடுவதும் அவருக்கு ஆகா.

நோயைப் பரப்புவன கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் என்னும் உண்மை அப்போது நிலைபெறவில்லை. கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என்று அறிஞர் பலரும் கருதினர். அம்மையாரும் அவ்வாறே நம்பினார். காரணம் பற்றிய அக்கொள்கை பின்னர் வீழ்ந்தது. அவர் சொன்ன துப்புரவோ நின்றது. அழுக்குநீரை அகற்றினால் நுண்ணுயிரும் அதனோடு அகல்கின்றதன்றோ!

1861ஆம் ஆண்டில் அந்நூலை உழைக்கும் மக்களுக்கென மலிவாகவும் எளிமையாகவும் மீண்டும் எழுதியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர்க்கென ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். தாய் வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்து காக்கும் சின்னஞ்சிறு பெண்களிடம் அவர் தோழிபோலப் பேசுகின்றார். குழந்தைக்குக் காற்று ஏன் வேண்டும், எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், எவ்வளவு உணவு ஊட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றார். செவிலி என்னும் சொல் நம் பழைய இலக்கியங்களிற் குழந்தையை வளர்த்தெடுக்கும் வளர்ப்புத்தாயையே குறிக்கும். நோயாளரைப் பேணுவோர்க்கு அச்சொல் ஆகியது பிற்காலத்தில். அம்மையார் தமிழ் அறியார். ஆயினும் அவர் விரும்பிய செவிலி, நலமுள்ள குழந்தையை நலம் குன்றாது வளர்க்கும் அப்பழைய செவிலியையும் தன்னுள் அடக்கியவள்.

கிரிமியப் போரின்போது மக்கள் நன்றியோடு திரட்டி அளித்த நிதி ஏறத்தாழ 45,000 பவுன் ஆயிற்று. அதனைக்கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையிற் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அங்குப் பயின்றோர் நாடுதோறும் சென்று பள்ளிகளை நிறுவினர்.

லிவர்ப்பூல் நகர நிகழ்ச்சியோ விரித்துரைக்கத் தக்கது. அங்கே வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், நோயுற்றிருந்த தம் மனைவியைப் பேணிய செவிலியின் தொண்டு எத்துணை ஆறுதல் தந்தது என்பதைக் கண்டார். மனைவி இறந்தபின், செல்வர்க்கே இத்துணையானால் ஏழையர் நிலை யாதாகும் என்று எண்ணி, அதே செவிலியை ஏழையர் வாழும் சேரிகளுக்கு அனுப்பினார். ஒரு திங்கள் கழித்து அவ்வம்மை அழுதுகொண்டு திரும்பினார். அத்துணை வறுமையைக் காணத் தம்மால் இயலாது என்றார். ராத்போன் ஆறுதல் கூறி இன்னும் சில நாள் பொறுக்குமாறு வேண்டினார். பொறுத்தார், பிறகு அப்பணியை விட அவரே விரும்பவில்லை. இத்தகைய செவிலியர் இன்னும் பலர் வேண்டும் என்று ராத்போன் நைட்டிங்கேல் அம்மையாரை நாடியபோது, நகர மருத்துவமனையோடு சேர்த்துப் பயிற்சிப் பள்ளி ஒன்று அமைக்குமாறு அவர் அறிவுரை கூறினார். பள்ளி எழுந்தது. நகரம் பதினெட்டு வட்டங்களாகப் பகுக்கப்பட்டு, வட்டந்தோறும் செவிலியர் வீடு வீடாகச் சென்றனர். அச்செவிலி நோயாளியோடு அறையையும் பேண வேண்டும் என்றார் அம்மையார். சன்னலைத் திறந்து, தரையைப் பெருக்கி, நீர்க்கலத்தைக் கழுவி, அவ்வாறே நாளும் செய்வது எப்படி என்பதை வீட்டாருக்குக் காட்டிவிட்டு வர வேண்டும். அவள் போனபின்பும் அவ்வீட்டில் நலம் தங்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் செவிலியர் முறை இவ்வாறு வேரூன்றியது.

இவ்வளவும் செய்தவர் பெரும்பாலும் படுக்கையிற் கிடந்தவர் என்பது வியப்புக்குரியது. கிரிமியக் காய்ச்சலின் விளைவாக 1857 முதல் பல்லாண்டுகள் அவர் அறையை விட்டு வெளியேறுவதே அரிதாயிற்று. அமைச்சரும் ஆளுநரும் அவரைத் தேடி வந்தனர். ஆயிரக்கணக்கான மடல்கள் அவ்வறையிலிருந்து பறந்தன.

அவற்றுட் பல இந்தியாவைப் பற்றியவை. அவர் இந்நாட்டிற்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆயினும் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரின் உடல்நலத்தை ஆராய அமைந்த அரசாணைக் குழுவிற்காக, படைநிலையங்கள் அனைத்திற்கும் வினாப்பட்டியல் அனுப்பி, வண்டி வண்டியாக வந்த விடைகளைப் படித்தார். ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 வீரர் மாண்டமையை 1863ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. பத்தாண்டுச் சீர்திருத்தத்தின்பின் அவ்வெண் 18 ஆகக் குறைந்ததென அம்மையார் கணக்கிட்டுக் காட்டினார். படையில் தொடங்கிய அவருடைய கவலை விரைவில் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் விரிந்தது. 1866ஆம் ஆண்டிற் சென்னை மாகாண ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்திற் கான்ஸ்டாண்டிநோபிளில் தூதரக அலுவலராக இருந்து அம்மையாரை அறிந்தவர். அவரோடு சுகாதாரம் பற்றி அம்மையார் மடல் வழியே கலந்தெழுதினார். சென்னைப் பொது மருத்துவமனையிற் செவிலியர் பயிற்சி 1871ஆம் ஆண்டிற் தொடங்கியது. தாது ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, பசித்த உடலுக்குச் சுகாதாரம் போதிப்பதிற் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார். கால்வாய்களும் ஏரிகளும் வெட்டப்பெற வேண்டும் என்று இங்கிலாந்து இதழ்களில் வாதாடினார். வயிறு நிறையாத இடத்தில் நலம் ஏது?

எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். தமக்கையார் மணந்து வாழ்ந்த பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், 1892ஆம் ஆண்டில், ஊர்ப்புற மகளிர்க்கு உடல்நலம் கற்பிக்கும் பெண்களைப் பயிற்றுவிக்கச் செய்தார். இப்பெண்கள் நோயாளரைப் பேணும் செவிலியர் அல்லர். நலமுள்ளோரிடம் சென்று அவர்தம் நலத்தைக் காப்பவர்கள். மருத்துவர் ஒருவர் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். குடிசைகளுக்கும் அழைத்துச் சென்று காட்டினார். அப்பெண்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அம்மையார் மிகுந்த கருத்துச் செலுத்தினார். அதிகாரி போல் வீட்டினுள் நுழையலாகாது; குற்றம் கண்டுபிடிக்கலாகாது. ஊர்ப் பொதுவிடத்திற் சொற்பொழிவு ஆற்றியபின், தாய்மார் அன்போடு அழைத்தால் மட்டுமே இல்லம் செல்ல வேண்டும். ஒரு தாயின் வீட்டு வழக்கத்தை மாற்ற வேண்டுமாயின் முதலில் அவள் நட்பைப் பெற வேண்டும். இம்முறையே இந்தியச் சிற்றூர்களிலும் வரவேண்டும் என்றும், அவ்வூர் மொழியும் வழக்கமும் அறிந்த பெண்களே அப்பணியை ஏற்றல் வேண்டும் என்றும் 1896ஆம் ஆண்டில் எழுதினார். நோய்ச் செவிலித் தொழில் ஒன்று, நலச் செவிலித் தொழில் மற்றொன்று. பின்னதே முன்னதினும் பெரிது என்பது அவர் முதுமையிற் கண்ட முடிவு.

நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கண்ணொளி மறைந்தது. நினைவும் மெல்ல மங்கியது. 1907ஆம் ஆண்டில் மன்னர் அளித்த உயரிய மதிப்புப் பட்டம் பெண் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. பட்டத்தைக் கொணர்ந்து கையில் வைத்தபோது அதன் பொருள் அவருக்குத் தெளிவாக விளங்கியிருக்குமோ என்பது ஐயமே. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், இலண்டனில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அரசரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. ஆரவாரம் கூடாது என்பது அவர் விருப்பமாதலின் உறவினர் இசையவில்லை. ஹாம்ப்ஷயரில், இளமையில் அவர் நோயாளரைக் காணச் சென்ற குடிசைகளுக்கு அருகேயுள்ள ஊர்க்கோயிலின் முற்றத்தில், பெற்றோர் கல்லறையை ஒட்டி அவரை அடக்கம் செய்தனர். படைவீரர் அறுவர் பேழையைச் சுமந்து வந்தனர். கல்லில் அவருக்கென ஒதுக்கிய பக்கத்தில் எப். என். என்னும் இரண்டு முதலெழுத்துகளும், பிறப்பு இறப்புக் காலங்களும் மட்டுமே பொறிக்கப்பட்டன.